வெள்ளி பூட்ஸ்

இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

பட்டாளத்தில் இருந்த என் சிநேகிதன் எழுபதுகளில் லீவில் வந்தபோது ஒரு பிரிட்டிஷ் ராக் குழுவின் கேசட் கொண்டுவந்தான். அட்டையில் ஆண்கள் முகமெல்லாம் ஜிகினா, காலில் வெள்ளி பூட்ஸ். பாட்டில் ஒரு வரியும் புரியாமல் கேசட் தேயும்வரை ஆடினோம். நான் வேலை பார்த்த மில்லிலிருந்து கொண்டுவந்த சில்வர் பெயிண்டை அவன் தன் பழைய பட்டாளத்து பூட்ஸுக்கு அடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கே போட்டுக்கொண்டு வந்தான். சாகும்வரை அதைப் பத்திரமாக வைத்திருந்தான்.

நேற்று ராஜபாளையத்தில் அவனுக்கு முதலாண்டு நினைவு நாள். படத்துக்கு அடியில் அதே பூட்ஸ், கன்னங்கரேலென்று!

“நான்தான் தின்னர் போட்டு அந்தப் பெயிண்டத் தொடச்சேன் மாமா. பட்டாளத்துக்காரர் பூட்ஸு கருப்பாத்தான இருக்கணும்” என்றான் அவன் மகன்.

செத்தவர்களை உயர்த்திப் பேசுவதை, செத்த மாடு ஆறு படி பால் கறக்கும் என்பார்கள். இவன் மாட்டின் நிறத்தையே மாற்றிவிட்டான்.

“ஏலே, ஒங்கப்பன் இம்புட்டு வருசம் வச்சிருந்த சந்தோசத்தையா தொடச்ச?”

லேஸ் ஓட்டைகளில் மட்டும் கொஞ்சம் வெள்ளி மிச்சமிருந்தது.

“அதையும் பிரஷ்ஷால எடுத்திருதேன் மாமா.”

“தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்!”

பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.