தேயிலைக் குழுவுக்குச் சொன்ன பிறந்த இடம்

ஐம்பதுகளின் நடுவில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தோட்டத்தில் என் கணவர் ஆபிஸ் கிளாக்கராக இருந்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். வேலை நேரத்தில் அவளைப் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் விட்டுவிட்டு, அழுகிறாளோ, பால் கக்கினாளோ என்று நினைத்துக்கொண்டே பாடம் நடத்துவேன்.

ஒரு நாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "வர்ற வாரம் கொழும்பிலேருந்து ஒரு குழு வருது. நீதான் இங்கிலீசுல சொல்லணுமாம். துரை கேட்டாரு" என்றார்.

"என்ன குழு?"

"தேயிலைய வெளிநாட்டுக்கு எப்படிக் கூட விக்கலாம்னு கவர்மென்டுக்கு ஆலோசன சொல்ற குழு. பொம்பளைங்ககிட்ட நேராப் பேசணுமாம். மலையில வேல வாங்குற கண்டாக்கையாவ வெச்சுக்கிட்டுக் கேட்டா வாயத் தொறப்பாங்களா?"

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வதற்கென்று ஆட்கள் இருப்பார்கள் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. இந்த மலையில் கிள்ளுகிற கொழுந்துக்கும் அவர்களுடைய மேசைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கான்வென்டில் படித்த இங்கிலீஷ் போதுமா என்ற கவலையும் இருந்தது. 'ஏற்றுமதி', 'தரம்', 'சந்தை' என்பதையெல்லாம் அடுப்படியில் நின்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு சிங்களவர்கள், ஒரு வெள்ளைக்காரர். அவர்களோடு மலைக்குப் போனபோதுதான் கவனித்தேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாரும் சுத்தமாகத் தலைவாரியிருந்தார்கள். கூடைக்குள் கொழுந்துக்கு மேலே சின்னச் சின்னத் துணி மூட்டைகள். ஒன்று அவிழ்ந்திருந்தது. உள்ளே பிறப்புப் பதிவான பிறந்த துண்டு, பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், இந்தத் தோட்டத்து விலாசத்துக்கு யாரோ இந்தியாவிலிருந்து எழுதிய கடிதம்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்திய வம்சாவளி என்று இலங்கைப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டு, எங்களைப் போல அதற்கு மனுப் போட்டவர்களை விசாரிக்க அதிகாரிகள் வருவார்கள் என்று எல்லாரும் காத்திருந்த காலம் அது. நோட்டுப் புத்தகத்தோடு கொழும்பு ஆட்கள் வருகிறார்கள் என்றால் வேறு எதற்கு இருக்கும்? முந்தின நாளே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், வருவது தேயிலைக் குழுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். கிளாக்கர் வீட்டு அம்மா லயத்தில் நின்று பேசினால் ஏதாவது சொல்வார்களோ என்று தயங்கிச் சும்மா இருந்துவிட்டேன்.

குழுவில் மூத்தவர் முதல் வரிசையில் நின்ற ஓர் அக்காவைக் கேட்டார். எத்தனை வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாள்? கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"நா பொறந்ததே இந்தத் தோட்டத்துலதாங்க. மூணாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. எங்கம்மா மழ நேரத்துல பெத்தாங்க. தொப்புள் கொடியக் காம்பராவுக்குப் பின்னாலதான் பொதச்சாங்க. பேறு பாத்த ஆயா இப்பயும் உசிரோட இருக்கு, கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். 'பல வருஷங்கள்' என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவள் சொன்னதைக் குறைக்க எனக்கு என்ன உரிமை? அப்படியே மொழிபெயர்த்தேன். வெள்ளைக்காரர் குழப்பத்தோடு தொப்பியைச் சரிசெய்தார். அடுத்த கேள்வி, முற்றிய இலையை ஏன் சேர்த்து எடுக்கிறார்கள் என்பது.

"நெறையும் வேணும், கொழுந்தும் பிஞ்சா வேணும்னா ரெண்டு கை பத்துமா? நெற கொறஞ்சா அரைப் பேருதானே போடுறாங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளக் கணக்கு என்று விளக்கினேன். கங்காணி தரையைப் பார்த்தார். குழுவினர் வேகமாக எழுதினார்கள்.

நான் அந்த அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, இவங்க அந்த ஆளுங்க இல்ல. தேயிலை விக்கிறதப் பத்திக் கேக்க வந்தவங்க."

அவள் ஒரு கணம் யோசித்தாள். "கவர்மென்டுதானுங்களே டீச்சர்? எம் பேரையும் பொறந்த எடத்தையும் எழுதச் சொல்லுங்க. ஒரு புஸ்தகத்துல இருந்துட்டுப் போகட்டும்."

"ஆமா, இவ பேர எழுதினா தேயிலை வெல ஏறிரும்" என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய பெயரையும் பிறந்த இடத்தையும் எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டேன். மூத்தவர் மரியாதையாக எழுதிக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து அறிக்கை அச்சாகி ஆபிசுக்கு வந்தது. என் கணவர் ஓர் இரவுக்கு இரவலாகக் கொண்டுவந்தார். மகளை மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். எந்த நாட்டில் எந்த நிறத் தேயிலையை விரும்புகிறார்கள், பெட்டியில் ஈரம் ஏறாமல் இருக்க என்ன செய்வது, எங்கெங்கே விளம்பரம் செய்வது என்று புதினமான விஷயங்கள். நிறையையும் தரத்தையும் ஒன்றாகக் கேட்க முடியாது என்று ஒரு வரி இருந்தது. கடைசிப் பக்கத்தில் கருத்துச் சொன்னவர்களின் பட்டியல். தோட்ட முதலாளிகள், புரோக்கர்கள், கப்பல் கம்பெனிக்காரர்கள் என்று பெயர் பெயராக இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு நேரே 'கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலர்' என்று மட்டும்.

இரண்டு வாரத்தில் நுவரெலியாவில் அந்த அக்காவுக்குப் பிரஜாவுரிமை விசாரணை. அவளுடைய பிறப்பு எங்கும் பதியப்படவில்லை. பேறு பார்த்த ஆயாவும் அதற்குள் இறந்துவிட்டாள். அந்தப் புத்தகத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

இந்த முறை லயத்துக்குப் போனேன்.

"அக்கா, அதுல ஒங்க பேரு இல்ல."

"அவரு எழுதினாரே? நாங் கண்ணால பாத்தேனே."

"எழுதினாரு. அச்சுல போடல."

விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப நீங்க வாங்க டீச்சர். நா சொன்னத நீங்கதானே எடுத்துச் சொன்னீங்க."

வீட்டில் சொன்னபோது என் கணவர் முகம் சுருங்கியது. "நம்ம மனுப் பைலும் அதே மேசையிலதான் கெடக்கு. அடுத்தவங்களுக்காகப் பேசப்போயி நம்மள நோண்டினாங்கன்னா?"

அவர் சொன்னதில் தவறில்லை. இரண்டு நாள் போகவேண்டாம் என்றும், அடுத்த இரண்டு நாள் போகலாம் என்றும் மாறி மாறி முடிவு செய்தேன். கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான நானுஓயாவுக்கு ரயில் ஏறினேன். அக்கா ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டே வந்தாள்.

விசாரித்த அதிகாரி இளைஞர். அவள் இங்கே பிறந்ததாக எனக்கு எப்படித் தெரியும் என்று இங்கிலீஷில் கேட்டார். தேயிலைக் குழுவிடம் அவள் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன் என்றேன். லயம், காம்பரா, மழை, கொடி புதைத்த இடம் எல்லாவற்றையும் அன்று சொன்ன அதே சொற்களில் சொன்னேன்.

"தேயிலைக்காரர்கள் ஏன் இதைக் கேட்டார்கள்?" என்றார்.

"அவர்கள் கேட்கவில்லை. இவர் சொன்னார். மனுவுக்காகச் சொல்ல வேண்டியிராத இடத்திலும் இதையேதான் சொன்னார்."

அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதினார். அது முழு உண்மையா என்று எனக்கு இன்றும் சந்தேகம். மனுவை நினைத்துத்தானே அவள் அன்று சொன்னாள்?

அடுத்த வருஷம் அவளுக்குக் கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டிருந்தது. மூன்று தடவை என்னை வாசிக்கச் சொன்னாள். பிறகு கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, "ஒங்களுக்கு எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்டாள்.

வரும் என்றேன். தபால்காரர் மேடேறி வரும் நேரம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.