கிளென் எஞ்சினும் என் மனைவியின் இஞ்சி டேப்பும்

பொய் சொல்வது எனக்குப் பழக்கம்தான். அது அச்சில் ஏறப்போவதுதான் புதிது.

பேரப்பிள்ளையைப் பார்க்க மனைவி கிளாஸ்கோவுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. மகள் அங்கே தாதியாக இருக்கிறாள். கட்டிக்கொண்டது ஒரு ஸ்கொட்லாந்துக்காரரை. இங்கே இலங்கையில், பதுளை வீட்டில் நானும் மூடி வைத்த தையல் மெஷினும் மட்டும். சனிக்கிழமை மாலை நாலரைக்கு வாட்ஸ்அப்பில் அவர்கள் முகம் தெரியும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"அங்க மழையா?"

"மழைதான்."

நாலு நிமிடத்தில் உலக விஷயமெல்லாம் தீர்ந்துவிடும். அதன் பிறகு அடுத்த சனிக்கிழமை வரை வீட்டில் என்னோடு பேசுவது குக்கர்தான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை மருமகனின் அப்பா போனை வாங்கினார். ஓய்வுபெற்ற மனிதர். ரயில்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் நூதனசாலை ஒன்றில் சம்பளம் இல்லாமல் பழைய எஞ்சின் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருப்பவர். எனக்கும் அவருக்கும் பேசப் பொதுவாக ஒன்றும் இல்லாததால் தன் எஞ்சினைப் பற்றிச் சொன்னார். மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். 'கிளென்' வகுப்பாம். முதலாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில் கிளாஸ்கோவில் செய்த பயணிகள் எஞ்சின்கள், மொத்தம் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளென்னின் பெயர். மலைப்பாதையில் ஒன்றால் இழுக்க முடியாவிட்டால் இரண்டைச் சேர்த்துப் பூட்டுவார்களாம். இப்போது மிஞ்சியிருப்பது அவர் துடைக்கிற அந்த ஒன்றுதான்.

நான் பிறந்த லயத்து வரிசைவீடு இருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயர்ப்பலகையிலும் ஒரு கிளென் உண்டு. நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் வேறு. கிளென் என்பவர் யாரோ ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை என்றே லயத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். சம்பந்தி முப்பத்திரண்டு கிளென் என்றதும், அந்தத் துரைக்கு இத்தனை அண்ணன் தம்பிகளா என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருந்ததா?

"அதுல ஒன்னு எங்க தோட்டத்துப் பேரோட பதுளைக்கு வந்துச்சு. எங்கப்பா அதுல போயிருக்காரு."

அன்று போன் முப்பத்தைந்து நிமிடம் ஓடியது.

அடுத்த வாரமும் அவரே போனைக் கேட்டு வாங்கினார். என்ன நிறம் என்றார், பச்சை என்றேன். சத்தம் எப்படி என்றார். அப்புத்தளை மலையில் பனி மூடினால் எஞ்சின் தெரியாது, விசில் மட்டும் வரும், அதைக் கேட்டுத்தான் கொழுந்து எடுப்பவர்கள் நேரம் பார்ப்பார்கள் என்றேன். ஆறு சனிக்கிழமைகள் இப்படிச் சுகமாகப் போயின. ஏழாவதில் மகள் சொன்னாள்:

"அப்பா, மாமா கிளென் வரலாத்த சின்னப் புத்தகமா போடப் போறாரு. உங்க கதைக்கு ஒரு பக்கம் விட்டிருக்காரு. ஒரு போட்டோவோ ஏதாச்சும் ஆதாரமோ வேணுமாம்."

அன்று தேத்தண்ணியில் உப்பைப் போட்டேன். அதைக் குடித்தும் முடித்தேன்.

பிறகுதான் போனில் உட்கார்ந்து தேடினேன். முப்பத்திரண்டு பெயர்களில் எங்கள் தோட்டம் இல்லை. கிளென் என்பது துரையும் இல்லை, பள்ளத்தாக்காம். ஒரு பள்ளத்தாக்குக்கு இத்தனை காலம் மரியாதை கொடுத்திருக்கிறோம். அதுகூடப் பரவாயில்லை. அவர்களுடைய இரண்டு தண்டவாளத்துக்கு இடையே அகலம் ஐம்பத்தாறரை அங்குலம் என்று போட்டிருந்தது. நம்முடையது எவ்வளவு? மனைவியின் தையல் மெஷினைத் திறந்து, துணி அளக்கிற இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயில் பாதை முடிகிற இடத்தில் குனிந்து டேப்பை விரித்தபோது, தண்டவாளம் மாற்றிவிடுகிற பொயின்ட்ஸ்மேன் வந்து நின்றார்.

"என்ன சார், ரயிலுக்குக் கவுன் தைக்கப் போறீங்களா?"

"அளவு மட்டும்தாங்க."

"இறுக்கித் தச்சிராதீங்க. ஏத்தத்துல கிழிஞ்சிரும்."

இஞ்சி டேப் அறுபது அங்குலம். ஸ்கொட்லாந்துத் தண்டவாளமாக இருந்தால் மூன்றரை அங்குலம் மிஞ்சியிருக்கும். பதுளையில் அது மறுபக்கத்தை எட்டவே இல்லை; ஆறு அங்குலம் குறைந்தது. இங்கே வேறு நீராவி எஞ்சின்கள் ஓடியிருக்கின்றன. என் கிளென் வந்திருந்தால் ஒரு பக்கச் சக்கரத்தைச் சரளைக்கல்லில் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கும்.

தப்பிக்க வழி யோசித்தேன். போட்டோவைக் கறையான் தின்றுவிட்டது எனலாம். மண்சரிவில் போய்விட்டது எனலாம். மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை ஆட்களோடு மூடிய இடத்தை நேரில் போய்ப் பார்த்தவன் நான். அந்தப் பொய்க்கு மட்டும் என் வாயே வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. சம்பந்தி பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். நான் டேப்பைப் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"அந்த எஞ்சின் இங்க வரல சம்பந்தி. வரவும் முடியாது. அளந்து பாத்துட்டேன்."

மகள் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தாள். "ஏம்ப்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"இல்லன்னா போன வச்சிருவீங்களே."

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என் இஞ்சி டேப்பத் தண்டவாளத்துலயா போட்டீங்க?"

பிறகு மகள் மெதுவாக அவருக்குச் சொன்னாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு நாலு நிமிடம்தான்.

அந்த வாரம் நான் யாரோடும் தமாஷ் பேசவில்லை. நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் காய்ச்சலா என்று விசாரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாலரைக்குப் போன் அடிக்கவில்லை. நாலே முக்காலுக்கும் அடிக்கவில்லை. டவர் இருக்கிறதா என்று முற்றத்தில் நடந்தேன், இருந்தது. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் அடித்தது. திரையில் சம்பந்தி. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாராம். பிறகு ஏதோ கேட்டார்.

"அப்ப பதுளைக்கு நெசமா வர்ற ரயிலு எப்பிடி இருக்கும்னு கேக்குறாருப்பா. எத்தன பெட்டின்னு."

பதினெட்டு என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. முப்பது வருடமாகப் பதுளையில் இருக்கிறேன். ஒரு நாளும் எண்ணியதில்லை.

"எண்ணிப் பாத்துட்டு அடுத்த சனிக்கிழம சொல்றேன்னு சொல்லு."

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதம் என்றார்கள். மேடையில் வேறு ஒருவரும் இல்லை. பையில் இஞ்சி டேப் இருந்தது. பெட்டி எண்ண அது எதற்கு என்று கேட்காதீர்கள். கையில் ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றியது.