பாம்புக்குச் சூடு விற்றேன்

ரங்கூனில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன் கரண்ட் போனாலும் திட்டு வாங்குவான், வந்தாலும் திட்டு வாங்குவான். கடை வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது. ஊருக்குள் பசுந்தாங் பேட்டையில் என் கடை. வயர், சுவிட்ச், ஸ்டெபிலைசர், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. திட்டு எனக்குப் பழகிப்போனது. வெட்கம் பழகவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பாம்பு. இதில் பாதிப் பேர் பேசியது பர்மியம். நான் தமிழில் எழுதுகிறேன்.

பல்பு

குளிர்காலம் தொடங்கிய சமயம். தாமுவே பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மா நிலார். செல்போன் கடையில் வேலை. "பாம்புக் கூண்டுக்குச் சூடு வைக்க ஏதாவது இருக்கா?" என்றாள். இந்த ஊரில் சூடு கேட்டு யாரும் என் கடைக்கு வந்ததில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து, வேலையைப் பாரும்மா என்றேன். அவள் போகவில்லை. தம்பி தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டானாம். இப்போதைக்குத் திரும்பி வர முடியாதாம். ஏன் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அவன் விட்டுப்போனது ஒரு பாம்பு. மஞ்சள் நிறம், பெயர் ஷ்வே வா. விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஜாதி. இதைக் காப்பாற்றிவை, வேறெதுவும் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ராத்திரிக் குளிரில் அது சாப்பிடாமல் கிடக்கிறதாம்.

இதற்கென்ன என்று ஒரு பல்பையும் ஹோல்டரையும் எடுத்து வைத்தேன். கூண்டுக்குள்ளே தொங்கவிடு, கோழிக்குஞ்சுக்கு அப்படித்தான் வைப்பார்கள், ஒன்றும் ஆகாது என்றேன். அவள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "ஊலே, அது கோழி இல்ல. பல்பைச் சுத்திக்கிட்டு அப்படியே வெந்துடும்."

ஊலே என்றால் இங்கே சித்தப்பா மாதிரி. வயசானவர்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டில் சொன்னேன்

சொல்லியிருக்கக் கூடாது. அன்று மத்தியானம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. என் மனைவி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பாம்புக்கு ஹீட்டர் கேட்டு ஒரு பெண் வந்தாள், பாங்காக்கிலிருந்து தருவிக்கலாமா என்று பார்க்கிறேன் என்றேன். விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்க, மனுசனுக்குக் காத்தாடி ஓடக் கரண்ட் இல்ல. இதைப் பள்ளிவாசல்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, புள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேசுற வீடு இது."

ஏசிக்கார இளைஞன்

ஒரு பாம்புக்காகப் பாங்காக்கிலிருந்து சரக்கு வராது. ஆனால் இன்னொருவன் வந்தான். பெரிய அடுக்குமாடி, சொந்த ஜெனரேட்டர். அவனிடமும் பாம்பு இருந்தது. அவன் அறை எப்போதும் ஐஸ் பெட்டி மாதிரி இருக்குமாம். அந்தக் குளிரில் பாம்பு சுருண்டே கிடக்கிறது, அடியில் வைக்கும் சூட்டு மேட் வேண்டும் என்றான். ஏசியை அணைத்துவிடேன், இரண்டு கரண்டும் மிச்சம் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அறிவுரைக்கு அவ்வளவுதான் மதிப்பு. "ஏசி எனக்கு ஊலே, ஹீட்டர் அதுக்கு. நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்கோம், நீங்க ஏன் நடுவுல வர்றீங்க?"

ஒரு சைஸ் பெரிசு

அவன் தயவில் ஒரு கட்டு மேட் வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கும், உள்ளே கம்பி ஓடும். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் வெளிப்பக்கமாக வைப்பது. மா நிலாருக்குச் சொல்லியனுப்பினேன்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் ஒரு சைஸ் பெரிதாகக் கொடுப்போம். கரண்ட் வரும்போது வோல்டேஜ் பாதிதான் வரும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள். பல்பு மின்மினி மாதிரி எரியும். அதனால் நாற்பது வாட் கேட்டால் அறுபது. யாரும் குறை சொன்னதில்லை. அவளுக்கும் பெரிய மேட்டைக் கொடுத்தேன். கடையில் போட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சரி.

"தெர்மோஸ்டாட் இல்லாம போடவே கூடாதுன்னு தம்பி சொன்னான் ஊலே" என்றாள். சூடு அளவைத் தாண்டினால் தானாக அணைக்கும் பெட்டி அது. என்னிடம் இல்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வருகிற அரைக் கரண்டே உனக்குத் தெர்மோஸ்டாட், எத்தனை வருஷமாக இதே வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். இன்னொருவன் இன்வெர்ட்டர் விலை கேட்டான், அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

கடையில் ரிப்பேர் பார்க்கிற கோ தெய்ன் தலையைத் தூக்கினான். அப்பா தமிழர், அம்மா பர்மியர். என்னோடு தமிழில் பேசுவான், திட்ட வேண்டுமென்றால் பர்மியத்துக்கு மாறுவான். அன்று தமிழில்தான் சொன்னான்: "பாய், அந்தப் பொண்ணு இன்னும் ஏதோ கேக்க வாயத் தொறந்துச்சு. நீங்க மூடிட்டீங்க."

தலையணை உறை

குளிர் முடிகிற நேரம் அவள் மறுபடி வந்தாள். கையில் ஒரு தலையணை உறை, வாயைக் கட்டியிருந்தாள். உறை அசைந்தது. கடையில் நின்றிருந்தவர்கள் படி இறங்கிவிட்டார்கள். எனக்கும் இறங்க வேண்டும்தான், என் கடையாகப் போய்விட்டது.

அவள் பாம்பைக் கையில் எடுத்து வயிற்றுப்பக்கம் திருப்பிக் காட்டினாள். மஞ்சள் செதில் நடுவே பட்டையாகச் சிவந்து, சில இடத்தில் கொப்புளம். அவர்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் மாற்றியிருக்கிறார்கள். முழு வோல்டேஜ் வந்திருக்கிறது. நான் கொடுத்த பெரிய மேட் முழு பலத்தோடு வேலை செய்திருக்கிறது. பாம்பு நகர்ந்துபோகாதா என்றேன். போகாதாம். குளிர்ந்த உடம்பு சூட்டைத் தேடிப் போய் அதன் மேலேயே கிடக்கும், அடிவயிறு சுடுவது அதற்குச் சீக்கிரம் உறைக்காது என்று கால்நடை டாக்டர் சொன்னாராம். மருந்து கொடுத்திருக்கிறார். புண் சீழ் வைத்தால் பிழைக்காது என்றும் சொல்லியிருக்கிறார். மேட்டைக் கழற்றியாகிவிட்டது. சூடே இல்லாமலும் புண் ஆறாதாம். அதற்காகத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். என்னைத் திட்ட வரவில்லை. திட்டியிருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கண்ணாடி சுடுவது உனக்குத் தெரியவே இல்லையா, தெரிந்திருந்தால் அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். தெரிந்தது என்றாள். தொட்டுப் பார்த்திருக்கிறாள், கையை வைக்க முடியவில்லை. மறுநாளே கடைக்கு வந்திருக்கிறாள். நான் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேனாம். ஒரு பிளக்கை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். தொட்டிக்குள் இன்னும் கொஞ்சம் காகிதம் விரித்து, ஊலே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பர்மியத்தில் 'ஆனா' என்று ஒன்று உண்டு. அடுத்தவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று நாம் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொள்வது. இங்கே பிறந்து வளர்ந்தவன் நான், அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் வாடிக்கையாளர்கள் குறை சொல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சரக்கு நல்ல சரக்கு என்று நினைத்திருந்தேன். அவள் பாம்பை உறைக்குள் விட்டு, முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க ஊலே. தப்புன்னு வந்து சொல்ல எனக்கு ஆனாவா இருந்துச்சு."

போன்

தெர்மோஸ்டாட்டை நானே தருவித்தேன். கோ தெய்னை அனுப்பாமல் நானே தாமுவே போனேன். மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு அவள் தம்பி முன்பே எழுதியனுப்பியிருந்தபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். சின்ன மேட். தொட்டியின் அடியில் ஒரு ஓரத்தில் மட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மறு ஓரம் சூடில்லாமல் இருக்க வேண்டும், வேண்டாத நேரம் பாம்பு அங்கே போய்விடும். தெர்மோஸ்டாட்டின் சூட்டை உணரும் முனையை மேட்டோடு ஒட்டினேன். சூட்டுப் பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, அதற்கு மேல் போனால் அணைந்துவிடும். இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர், உள்ளங்கை வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டெபிலைசர். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வைக்க வேண்டும். பாம்பு பக்கத்தில் ஒரு பெட்டியில் கிடந்து என்னையே பார்த்தது. ஒரே ஸ்க்ரூவை இரண்டு தரம் கீழே போட்டேன். மா நிலார் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவும் ஆனாதான்.

அந்த நேரம் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். பாம்பைக் காட்டு என்றான். வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தான். எப்படி ஆச்சு என்று கேட்டான். "நான்தான் கவனிக்கல" என்றாள் அக்கா. நான் ஸ்க்ரூ டிரைவரோடு அவளுக்குப் பின்னால் நிற்கிறேன். பேசாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரியாது. நின்றிருக்க முடியவில்லை. போனுக்கு முன்னால் போய், மேட்டைக் கொடுத்தது நான், தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கத்தியதும் நான், உன் அக்கா மேல் தப்பில்லை என்றேன். பையன் முகம் மெலிந்திருந்தது. பின்னால் ஏதோ தொழிற்சாலைச் சத்தம். என்னை முறைக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினான்: "பரவாயில்ல ஊலே. நான் அங்க இருந்திருந்தாலும் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்க மாட்டேன்."

அவன் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னான். வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சட்டை

பாம்பு பிழைத்தது. தோல் உரித்தது. உரித்த சட்டையில் வயிற்றுப்பக்கம் மட்டும் ஓட்டை ஓட்டையாக இருந்ததாம், அடியில் புதுத் தோல் வந்துவிட்டதாம். தழும்பு இருக்கும், பரவாயில்லை என்றாராம் டாக்டர். எலியும் தின்றுவிட்டது. இதைச் சொல்ல அவள் கடைக்கு வந்தபோது கூடவே ஒரு தோழியைக் கூட்டி வந்திருந்தாள். தோழி வீட்டில் ஆமை. அதற்கும் சூடு வேண்டுமாம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டாள். மா நிலார் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்: "வா, பயப்படாதே. முதல்ல கத்துவார். நீ போயிடாம நின்னு மறுபடியும் கேளு."

பாம்பு பிழைத்த நாளிலிருந்து, காசு வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் 'வேறு ஏதாவது கேட்க வேண்டுமா' என்று நானே கேட்கிறேன், அதே பழைய சத்தத்தில். கேட்டதும் அவர்கள் வாங்கியதைக்கூட வைத்துவிட்டு ஓடுகிறார்கள்.