சொல்லும்வரை எழும்பாதே

நாங்கள் ஜேர்மன் மொழி படிக்கத் தொடங்கியதும் ஆஸ்டா படிக்கத் தொடங்கியதும் ஒரே காலம். ஆஸ்டா ஒரு வேட்டைநாய்க் குட்டி. ஹனோவருக்கு வெளியே ஒரு கிராமத்தில், எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை, ஒரு பழைய பண்ணை வீட்டின் மேல்மாடியில் எங்களை இருத்தியிருந்தார்கள். கீழே வீட்டுக்காரரும் ஆஸ்டாவும். அவர் அவளிடம் பேசுவதுபோலவே எங்களிடமும் ஒற்றைச் சொல்லில், கையைத் தூக்கிக் காட்டிப் பேசுவார். வா. இரு. பொறு.

"நாங்களும் நாயும் ஒரே வகுப்பு," என்று அம்மா சிரிப்பார்.

"அதுதான் எங்களைவிடக் கெட்டிக்காரி," என்பார் அப்பா.

உண்மையில் ஆஸ்டா கெட்டிக்காரிதான். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு முன்னால் வாயூற உட்கார்ந்திருப்பாள்; அவர் சொல்லாமல் நாக்கை நீட்டமாட்டாள். சொன்னதைக் கேட்டால் அவர் கால்சட்டைப் பையிலிருந்து காய்ந்த ஈரல் துண்டு ஒன்று வரும். ஒரே ஒரு பாடம்தான் அவளுக்கு ஏறவில்லை. வயலில் அவளைப் படுக்கவைத்துவிட்டு அவர் தூரப் போய்த் துவக்கால் வெடி வைப்பார். அவர் திரும்பி வந்து சொல்லும்வரை அவள் எழும்பக்கூடாது. அவளோ சத்தம் கேட்டதும் வீடுவரைக்கும் ஓடிவந்துவிடுவாள். இலையுதிர் காலத்துக்குள் சரிவராவிட்டால் அவளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடப்போவதாக வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடம் போய்வந்ததால் எனக்கு அவ்வளவு விளங்கும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பாடம் ஏன் அவளுக்குக் கஷ்டம் என்பதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா எனக்குப் படிப்பித்த முதல் பாடமே அதுதானே! சத்தம் கேட்டால் குப்புறப் படு, நான் சொல்லும்வரை எழும்பாதே. நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஈரல் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே பின்வளவில் ஆஸ்டாவை இருத்தி, கைதட்டிவிட்டுப் பொத்தென்று விழுந்து காட்டினேன். அவள் வந்து என் காதை நக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று அப்பாவிடம் நீளமாக ஏதோ சொன்னார். அப்பா "யா, யா" என்று தலையாட்டினார். அந்த நாட்களில் அப்பா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். விளங்கவில்லை என்று சொன்னால் மனிதர் மனம் நோவார் என்று நினைப்பு. காற்றாட வயலுக்குக் கூப்பிடுகிறார் என்று எங்களிடம் சொன்னார். அம்மா யாரோ கொடுத்த குளிர்கோட்டைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வந்தார்.

கிழங்கு கிளறிய வயல், ஒரே சேறு. வீட்டுக்காரர் ஆஸ்டாவை எங்கள் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு மரங்களின் பக்கம் போனார். பழகிய ஆட்கள் பக்கத்தில் நின்றால் அவள் ஓடமாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

வெடி கேட்டது.

அம்மாவின் கை என் பிடரியை அமுக்கியது. என் முகம் சேற்றுக்குள். அப்பா என் மறுபக்கம் குப்புறக் கிடந்தார். கண்ணைச் சரித்துப் பார்த்தேன்: ஆஸ்டா எழும்பிவிட்டாள்! வயலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். எல்லாம் முடிந்தது, அவளைக் கொடுத்துவிடப்போகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. "படு!" என்று தமிழிலேயே கத்தினேன். என்ன நினைத்தாளோ, ஓடிவந்து எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் புகுந்து ஒட்டிப் படுத்தாள். அவள் நடுங்கினாள். அப்பாவும் நடுங்கினார்.

சப்பாத்துகள் சேற்றில் ஓடிவரும் சத்தம். "எழும்பட்டோ அம்மா?"

"பொறு."

வீட்டுக்காரர் துவக்கைத் தூரத்தில் கிடத்திவிட்டு, வெறுங்கைகளை விரித்துக் காட்டியபடி சேற்றில் முழங்காலிட்டார். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நான் அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் முதல் வெடியிலேயே தேறியிருக்கிறோம், ஆஸ்டா கொஞ்சம் பிந்தி. ஈரல் வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"முதலே சொல்லியிருக்கலாமே இந்த மனுசன்," என்றார் அம்மா, சேலையைப் பார்த்து.

"சொன்னவர்தான். நான்தான் விளங்காமல் யா யா எண்டனான்."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. யார் பிழை விட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவுமில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே தலைகீழ். தேறாத ஆஸ்டாவை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நாய் மாடிப்படி ஏறக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த அம்மா, அவள் அப்பாவின் காலடியில் படுப்பதைப் பார்த்தும் பாராததுபோல இருந்தார். வீட்டுக்காரர் வேட்டைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் எங்கள் கதவைத் தட்டி, தொப்பியைக் கையில் எடுத்து, இன்று சுடப்போகிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்து நிற்பார். அனுமதி கேட்கிறார் என்று நினைத்தேன். அந்த நாட்டில் நாங்கள்தான் எல்லா இடத்திலும் அனுமதி கேட்டு நின்றோம். எங்களிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். கதவைத் திறந்த நான், என்ன நடக்கிறது பார்ப்போம் என்று "நைன்", கூடாது, என்று சொன்னேன். அவர் அறைக்குள் அப்பாவை எட்டிப் பார்த்தார். தலையசைத்துவிட்டு இறங்கிப்போய்த் துவக்கை உள்ளே வைத்தார். அன்று முழுக்க வெடிச்சத்தமே இல்லை.

மனிதர் பாடத்தில் நன்றாகத் தேறிவிட்டார் என்று நினைத்தேன். என் பையில் ஈரல் துண்டு இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.