எலி ஓடினால் ஓட வேண்டும்

ஒரு ஆண்பிள்ளையிடம் போய், "உங்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறதாமே?" என்று எப்படிக் கேட்பது? உங்களுக்கு வருமா? எனக்கு வராது. பஸ்ஸில் ஸ்டாப்பைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

ஆனால் சில மாதங்களுக்கு முன், ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மாமாவுக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போவுதுடா. வலி கிலி ஒண்ணும் இல்லியாம். கேட்டா பீட்ரூட் தின்னேன்றாரு. எங்க வீட்டுக்கு எப்படா பீட்ரூட் வந்துச்சி? டாக்டர்னா எகிறி விழறாரு. நீ ஆம்பள... நீ சொல்லு."

மாமா தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்து ரிட்டயரானவர். பாறைக்குப் பயப்படமாட்டார். ஊசிக்குப் பயப்படுவார்.

நல்லவேளை, அன்று பேப்பரில் ஒரு செய்தி. மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற மாத்திரைகள் சிறுநீர்ப்பை கேன்சரையும் தடுக்கலாமாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி குறைவாக வந்ததாம். மனிதருக்குப் பலிக்குமா என்பது இன்னும் தெரியாதாம். இதைப் படித்துக் காட்டினால் பேச்சு தானாகச் சிறுநீர்ப்பைக்கு வந்துவிடுமே!

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"இன்னா மச்சான் சொல்ற! மூட்டு வலி மாத்திரையா? அதத்தான் நான் தெனம் முழுங்கினு கீறேனே!" மாமா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஆட்டினார். "அப்ப எனக்கு ஒண்ணும் வராது!"

"அது எலிக்கு, மாமா..."

"எலின்னா லேசா நெனச்சிட்டியா?"

சுரங்கத்தில் எலிக்குத் தனி மரியாதை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதல் கவளம் அதற்குத்தான் என்பார் மாமா. பாறை சரியப்போவது மனிதனுக்கு முன்னால் எலிக்குத் தெரியுமாம்.

"எலி ஓடுனா நாங்க ஓடுவோம். எலி நின்னா நிப்போம். அதாலதான் இன்னிக்கு உயிரோட கீறேன். எலிக்கு சரியாப்போச்சின்னா எனக்கும் சரியாப்போவும்!"

நான் காப்பி குடித்தேன். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள்.

"எலி ஓடுனா ஓடுவீங்க இல்ல?"

"ஆமா."

"அந்த ரத்தம்தான் எலி! அது ஓடி வெளியவே வந்துடுச்சி. நீங்க இன்னும் உள்ளயே குந்திகினு சோறு தின்னுனு கீறீங்க!"

மாமா மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். பிறகு மெதுவாக, "காலைல வண்டி எத்தினி மணிக்கு மச்சான்?" என்றார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் நான் சன்னக் குரலில் ஆரம்பிப்பதற்குள், வரிசையே திரும்பிப் பார்க்கும்படி மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் — எலி உட்பட. டியூப் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே பொடியாக ஒரு கட்டி. கேன்சர்தான்... ஆனால் ஆரம்பம். சில நாளில் டியூப் வழியாகவே எடுத்துவிட்டார்கள்.

"வலி இல்லேன்னு விட்டிருந்தா பரவியிருக்கும்," என்றார் டாக்டர்.

வலிக்கிற நோய்க்குத்தான் நாம் மரியாதை கொடுக்கிறோம், இல்லையா? வலிக்காதது விருந்தாளி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மாமா விடவில்லை. "அப்ப அந்த மாத்திரை, சார்?"

"இஷ்டத்துக்குப் போட்டா வயிறும் கிட்னியும் போயிடும். என்னைக் கேக்காம தொடாதீங்க. இந்தக் கட்டிக்குப் புகைதான் பெரிய காரணம். பீடி உண்டா?"

மாமா தலையைக் குனிந்தார்.

"அந்த எலிங்களுக்குப் பீடிப் பழக்கம் இல்லீங்க," என்றார் டாக்டர்.

போன திங்கட்கிழமை முதல் செக்கப். மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்தபோது மாமாவின் பழைய சுரங்கச் சிநேகிதர் ஒருவர், "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார்.

"எலி நிக்குதா, ஓடுதான்னு பாத்துட்டு வரேன்" என்றார் மாமா.

டாக்டர் பார்த்துவிட்டார், கட்டி திரும்ப வரவில்லை. எலி நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஆராய்ச்சி எலிகள் கொடுத்துவைத்தவை — டாக்டர் கூடவே இருந்தார். நாம்தான் ரயிலேற வேண்டியிருக்கிறது!