ரீலின் ஓரத்தில் இருந்த குறி

பெர்ன்ஹில்லில் பழைய சினிமா ரீல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் எனக்காக ஒரு தகர டப்பாவைத் திறந்தார். வினிகர் போன்ற புளித்த நெடி மூக்கில் ஏறியதும் பெரியப்பாவின் அறை நினைவுக்கு வந்தது.

தேயிலை எஸ்டேட் கிளப்பில் படம் ஓட்டியவர் பெரியப்பா. அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கொழுந்து பறிக்கக் கற்றுத்தரும் சிறு படம் ஒன்றைப் போட்டார். திரையில் ஒருத்தி கூடையோடு திரும்பிச் சிரித்தாள். பக்கத்து லயத்து வீட்டுச் செல்லம்மாக்கா என் கையை இறுகப் பிடித்தார்.

"பாப்பா, அது உங்கம்மா!"

என் இரண்டு வயதில் அம்மா இறந்துவிட்டாள். வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அந்த ரீலைக் கேட்டு அழுதேன்.

பெரியப்பா பிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் பொடியாக ஒரு வட்டமும் முக்கோணமும் தெரிந்தன.

"இது பிலிம் செஞ்ச வருசத்தோட குறி. உங்கம்மா செத்து ரெண்டு வருசம் கழிச்சு வந்த பிலிம் இது. பொணம் எந்திரிச்சு வந்து கொழுந்து பறிச்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரோ ஒருத்தி. வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று ரீலை என் மடியில் எறிந்தார்.

அவமானம் தாங்காமல் அதை வெந்நீர் அடுப்பில் திணித்தேன். சுருண்டு சுருண்டு எரிந்தது.

இத்தனை வருடம் கழித்து அந்தக் குறியைப் பற்றி பெர்ன்ஹில்காரரிடம் கேட்டேன்.

"அது பிரிண்ட் போட்ட, அதாவது காப்பி எடுத்த பிலிமோட வருசமுங்க. படத்தை அதுக்குப் பல வருசம் முன்னாடியே எடுத்திருக்கலாமுங்க."

"படம் ஓட்டறவங்களுக்கு இது தெரியுமாங்க?"

"தெரியாம இருக்குமாங்க?" என்றார்.