அவள் பெயரில் தின்ற சோறு

அம்மாவின் கால் பெருவிரலை முதலில் எடுத்தார்கள், பிறகு பாதத்தை. நீரிழிவைக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் சீனி வருத்தம் என்போம். அம்மா போனதிலிருந்து எனக்கு ஒரே பயம்தான், அது எனக்குள்ளும் வந்துவிட்டதோ என்று. யுத்த காலத்துக் கொழும்பு. வெளியே குண்டு வெடிக்கும், காலி வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். அதற்கெல்லாம் பயப்படாதவள் போல நடிக்க எனக்குத் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்ட அரை மணியில் மறுபடி பசிக்கும்போதுதான் கை கால் குளிர்ந்துபோகும்.

அப்போது நான் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கோட்டையில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சோறு சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி எப்படி ஏறுகிறது, பசி எப்படி அடங்குகிறது, அது இனத்துக்கு இனம் மாறுகிறதா என்று டொக்டர்மார் சிலர் பார்க்கிறார்கள் என அலுவலகத்தில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும், செலவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் போனேன்.

வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், முகவரி, இனம். அந்த வருடங்களில் இனம் என்ற கட்டத்தைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமல் எழுதும். தமிழர் எல்லோரும் பதியவேண்டும் என்று வெள்ளவத்தைப் பொலிஸில் பெயர் பதிந்தபிறகு என் அறைக் கதவை இரண்டு தரம் தட்டியிருந்தார்கள். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், நெற்றியில் பொட்டில்லை, சிங்களம் நாக்கில் புரளும். பாதி நாள் பஸ்ஸில் சிங்களத்தியாகவே போய்வந்தவள். அந்தக் கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினேன், சிங்களம் என்று. அதற்குப் பொருத்தமாகப் பெயரும் முகவரியும் வேண்டுமே என்று பிறகுதான் உறைத்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியின் பெயரை எழுதினேன். கல்கிசையில் அவள் வீடு, வெசாக் பண்டிகைக்கு இரண்டு தரம் போய்ச் சாப்பிட்ட வீடு. அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை. சீனி பார்க்கப் போன இடத்தில் களவாகப் பெயர் கொடுத்த மடைச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உள்ளே வெள்ளைச் சீலை விரித்த மூன்று நீள மேசைகள். ஒன்றில் சிங்களவர், ஒன்றில் முஸ்லிம்கள், ஒன்றில் தமிழர். தமிழ் மேசையில் நிறையக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொரு வெறும் கதிரைக்கு முன்னாலும் அளந்த சோற்றுடன் ஒரு கோப்பை ஆறிக்கொண்டிருந்தது. வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ் மேசையில் இருந்தவர்களில் ஒருவர் எங்கள் ஒழுங்கை முனையில் அரிசிக் கடை வைத்திருப்பவர். நான் வாராவாரம் அவரிடம் சிவப்பரிசி வாங்குகிறவள். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பிள்ளை, எங்கட மேசை இங்கால. வாங்கோ."

"மட்ட தேரென்னெ நே," என்றேன். எனக்கு விளங்கவில்லை என்று சிங்களத்தில்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அவரிடம் அரிசி வாங்கியிருக்கிறேன், அந்தக் காலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கதைக்கக் கூடாது என்றார்கள். வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, கறி இல்லை, உப்பும் இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. மண்டபம் முழுக்கச் சோற்று வாசமும் ஸ்பிரிட் வாசமும் கலந்து நின்றன. அரை மணிக்கொரு தரம் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரலில் குத்துவாள். முதல் தரம் அவள் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழும்பவில்லை. அதற்குரியவள் எழும்பட்டும் என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் கடுதாசியில் இருக்கும் கோட்டில் பென்சிலால் அடையாளம் போடவேண்டும். ஒரு முனை பசி, மறுமுனை நிறைவு. பக்கத்தில் இருந்தவர்களின் அடையாளங்கள் நிறைவுப் பக்கம் போய் நின்றன. என்னுடையது போய், திரும்பிப் பசிக்கே வந்தது. உள்ளே இருந்து வேறு யாரோ தின்றுகொண்டிருப்பதைப் போல இருந்தது. கடைசித் தரம் குத்தியபோது நர்ஸ் எண்ணை எழுதிவிட்டு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"முடிவு வீட்டுக்குத் தபாலில் வரும்," என்றாள்.

எந்த வீட்டுக்கு என்பது படியிறங்கும்போதுதான் மண்டையில் ஏறியது. திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று நின்றேன். வாசலில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் நின்றான். பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரி என் விரல்களைக் கண்டுவிட்டாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அக்கே என்பேன், அவள் நங்கி என்பாள். நாங்கள் கதைப்பது சிங்களத்தில்.

"நங்கி, விரலுக்கு என்ன?"

"தைக்கும்போது ஊசி குத்திப்போட்டுது அக்கே."

"அஞ்சு விரலிலுமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் டைப் அடித்தேன்.

மூன்றாம் கிழமையிலிருந்து அவள் மத்தியானப் பார்சலில் பாதிச் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டுப் பிரியை அவள்.

"வேண்டாமா அக்கே?"

"வேண்டாம். நீ சாப்பிடு."

என் பார்சலையும் முடித்து அவளுடையதையும் இழுத்துத் தின்றேன். கடிதம் வந்திருக்குமோ, தனக்குத்தான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டாளோ என்று நெஞ்சு குறுகுறுக்கும். கேட்டால் பெயரைத் திருடியதைச் சொல்லவேண்டும். கேட்காமல் தின்றேன். வெட்கம் கெட்ட பசி. ஒவ்வொரு நாளும் அவள் கன்னத்தில் கை வைத்து, நான் கடைசிப் பருக்கை வரை தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை ராகமைக்குப் போகும் ரயில் சத்தத்திலும் அசையாது. அவள் மெலிந்தாள். நானும் மெலிந்தேன். இரண்டு பேர் சோற்றைத் தின்கிறவள் ஏன் மெலிகிறாள் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன்.

மழைக்காலத்தில் என் குதிகாலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. ஒரு நாள் மேசைக்குக் கீழே குனிந்தவள் அதைக் கண்டாள். தன் மேசை லாச்சியைத் திறந்து பிரித்த உறை ஒன்றை என் டைப்ரைட்டர் மேல் வைத்தாள். சோற்றுக்குப் பின் சீனி இறங்கவில்லை, தாமதிக்காமல் வரவும் என்று இருந்தது. மேலே அவள் பெயர்.

"கடிதம் வந்த அன்றைக்கே, உன்ர விரல்களை நினைச்சதும், நீதான் எண்டு தெரிஞ்சுது," என்றாள். "எனக்குக் கோபம். நீயாகச் சொல்லவேணும் எண்டு நினைச்சன். சோத்தை மிச்சம் வச்சது, நீ ஏன் எண்டு கேட்பாய் எண்டுதான். நீ பார்சலைத்தான் இழுத்தாய்."

எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். அம்மாவின் கால் என் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் இருவரும் அரை நாள் லீவு போட்டு, கடிதத்தோடு கிளினிக்குக்குப் போய் மரவாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நர்ஸ் வந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழும்பினோம்.

நர்ஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரி என் முழங்கையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள்.

"பெயர் என்னுடையது மிஸ். அன்றைக்குச் சோறு தின்றது இவள்."